பிரதி எடுப்பது பற்றி

காலமாகிவிட்ட ஒரு நண்பரின் கவிதைகளைத் தொகுத்து வெளியிடும் வேலையில் இருக்கிற நாங்கள் மூன்று பேரும் இரண்டு மாத காலமாக ஒரு ஹார்ட் டிஸ்க்கை முன்வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். கவிதைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கேட்பவர் எங்கள் மூவரிலேயே ஒருவர் என்பதால் இதை எழுத வேண்டிவந்தது. அவர் வாதம் எளிமையானது. கவிதைகள் கோப்புகளாக இருக்கின்றன. கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வந்தால் போதும். செத்துக்கொண்டிருக்கிற டிஸ்க்கிலிருந்து 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியையும் சேர்த்துப் பெயர்த்து இன்னொரு டிஸ்க்கில் குடியேற்ற வேண்டும் என்று நான் சொல்வது பழைய சாமான்கள் மேலுள்ள மோகம். இலக்கியத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மோகம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம்தான். ஆனால் ஒரு பிரதி எங்கே முடிகிறது, அதைப் படிக்கவைக்கிற சாதனம் எங்கே ஆரம்பிக்கிறது என்பது அவர் நினைக்கிற அளவுக்குத் தெளிவான விஷயமில்லை.

நண்பர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் டர்னராக இருந்தவர். பேட்டை 1964இல் தொடங்கியது. அவர் உள்ளே நுழைந்தது எழுபதுகளின் பிற்பகுதியில். 2004இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை ரிச்சி தெருவில் கொடுத்து ஒரு பென்டியம் 4 கம்ப்யூட்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஹார்ட் டிஸ்க் 80 ஜி.பி. அன்றைக்கு அது ஆடம்பரம். அதுவரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் அதற்கப்புறம் பேனாவைத் தொடவில்லை. லேத்தில் நின்ற கைக்குக் கீபோர்டு சுகமாக இருந்ததோ என்னவோ. கவிதை உருவானதும், அடிபட்டதும், மறுபடி உருவானதும் அந்தப் பெட்டிக்குள்தான். 2004க்குப் பிந்தைய எதற்கும் கையெழுத்துப் பிரதி கிடையாது. இதை நம் வட்டத்தில் பலர் மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. எழுத்தாளன் செத்தால் நோட்டுப் புத்தகம் இருக்கும் என்கிற நம்பிக்கையிலேயே இன்னமும் இருக்கிறோம்.

வெங்கடாபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி, “தம்பி, இதை நீங்க எடுத்துட்டுப் போறீங்களா, இல்லே பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டுடட்டுமா? ஆன் பண்ணினா டிக்கு டிக்குனு சத்தம் வருது, பயமா இருக்கு” என்றார்கள். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் உண்டு. தட்டின் மேல் அலைகிற முனை தான் தேடுகிற தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கு வந்து போகும்போது எழுவது அது. அதைக் கேட்ட பிறகு யாரும் டிஸ்க்கை வீணாக ஓட விடக்கூடாது.

அதற்கு முன்பே, அவர் உயிரோடிருந்த நாளில் எனக்கு அனுப்பிய சில கோப்புகள் என்னிடம் இருந்தன. என் மடிக்கணினியில் திறந்தால் தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த லத்தீன் எழுத்துகள் வந்தன. இதில் ஆச்சரியமில்லை. அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு செய்தவர்களில் பலர் ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கிய போக மீதி இருந்த இடங்களில் தமிழை உட்காரவைத்தார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. உலகமெங்கும் இருந்த ஆர்வலர்கள் டிஸ்கி என்ற ஒன்றை வைத்திருந்தார்கள். யூனிக்கோடில் தமிழ் 1991 முதலே இருந்தும் அரசு அதை ஏற்றுக்கொள்ள 2010 ஆயிற்று. நடுவில் அச்சகத்துக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று என்று கணக்கில்லாத குறியேற்றங்கள். நண்பருக்குக் கம்ப்யூட்டர் கூட்டித் தந்தவர் எதையோ போட்டுத் தந்தார். அதில் அவர் கை பழகிவிட்டது.

எழுத்துருவையும் அவரிடமே வாங்கி என் கணினியில் போட்டுப் பார்த்தேன். தமிழ் வந்தது. ஆனால் ‘இல்லை’ என்று வரவேண்டிய இடத்தில் ‘ல்லை’ என்று இருந்தது. ‘இருள்’ ‘ருள்’ ஆகியிருந்தது. ‘இன்று’ ‘ன்று’. காரணம் பிறகு புரிந்தது. அந்த எழுத்துருவில் ‘இ’ உட்கார்ந்திருந்த இடம் 173. உலகப் பொதுக் கணக்கில் அந்த எண் மறைந்து நிற்கும் இணைப்புக் கோட்டுக்கு உரியது. வரி முறிகிற இடத்தில் தவிர மற்ற சமயங்களில் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பது விதி. அவருடைய எக்ஸ்பி அந்த விதியைப் பொருட்படுத்தவில்லை, என்னுடைய கணினி பொருட்படுத்துகிறது. கோப்பில் ‘இ’ இருக்கிறது, திரையில் இல்லை. இல்லை என்ற சொல்லை அதிகம் எழுதிய ஒரு கவிஞருக்கு இப்படி நேர்ந்ததைச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எனக்கு ஓலைச்சுவடிதான் நினைவுக்கு வந்தது.

ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் சுவடியில் வித்தியாசம் தெரியாது. இன்று நாம் எழுதுகிற வேறுபாடு பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஆகவே சுவடியில் எழுதியிருந்தது மூலத்தின் ஒரு பகுதிதான். மிச்சம் அதைப் படிக்கத் தெரிந்தவனுடைய பழக்கத்தில் இருந்தது. அந்த வாசிப்புப் பழக்கம் அறுந்துபோயிருந்தால் கையில் ஓலை இருந்தும் பிரயோஜனம் கிடையாது. உ.வே. சாமிநாதையருக்கு 1880இல் சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணியை அறிமுகப்படுத்தி, அது 1887இல் அச்சேறும்வரை ஏழு வருஷம் ஆனது ஓலை கிடைக்காததால் மட்டுமில்லை. படிக்கிற வழியையும் அவர் கூடவே மீட்க வேண்டியிருந்தது.

என் நண்பர் விஷயத்தில் அந்த வாசிப்புப் பழக்கம் மனிதரிடம் இல்லை, எக்ஸ்பியிடம் இருக்கிறது. அவ்வளவுதான் வேற்றுமை.

இதற்கு எதிர்வாதி சொன்ன பதில் நியாயமானதே. 173ஐ வேறு எண்ணாக மாற்றிவிட்டுப் பொங்குதமிழ் போன்ற ஏதாவதொரு மாற்றியில் போட்டால் யூனிக்கோடு வந்துவிடப் போகிறது, பத்து நிமிஷ வேலை என்றார். வரும். நானே சில கவிதைகளை அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். அதோடு விவாதம் முடிந்திருக்கும், நண்பரின் மனைவி போகிற போக்கில் ஒன்றைச் சொல்லாமலிருந்தால்.

“இடது பக்கம் இருக்கறதெல்லாம் முடிஞ்சது, வலது பக்கம் இருக்கறது இன்னும் வேலை இருக்குனு சொல்வார் தம்பி. நடுவுல தனியா நாலஞ்சு கிடக்கும். அதைப் பத்திக் கேட்டா கோவம் வரும்.”

திரையைத்தான் சொன்னார்கள். நண்பர் கோப்புறை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. இருநூற்றுச் சொச்சம் கவிதைகளையும் நோட்பேடில் எழுதித் திரையின் முகப்பிலேயே பரப்பிவைத்திருந்தார், பட்டறையில் முடித்த உருப்படியை ஒரு பக்கமும் முடிக்காததை இன்னொரு பக்கமும் அடுக்குகிற மாதிரி. எந்தக் கவிதை முடிந்தது என்று அவர் கருதினார் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அது திரையில் எங்கே கிடக்கிறது என்பது. அந்த இடம் கவிதைக் கோப்புக்குள் எழுதப்படவில்லை. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்கிற பேரேட்டில், அந்தப் பயனாளியின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பென் டிரைவில் எடுத்து வந்தால் கவிதைகள் அகரவரிசையில் ஒரு பட்டியலாக வந்து நிற்கும். போதாததற்கு, விண்டோஸில் ஒரு கோப்பை நகல் எடுத்தால் அது உருவான தேதி என்ற இடத்தில் நகல் எடுத்த தேதி விழுந்துவிடும். திருத்திய தேதி மட்டும்தான் தப்பும்.

நம்முடைய பதிப்புலகத்தில் இதெல்லாம் யாருக்கும் உறுத்துவதில்லை. செத்தவனின் பெட்டியில் கிடைத்ததையெல்லாம் ஒரே அந்தஸ்து கொடுத்து அச்சடித்து ‘முழுத்தொகுப்பு’ என்று அட்டையில் போட்டுவிடுகிறோம். புதுமைப்பித்தன் கதைகளை ஆ.இரா. வேங்கடாசலபதி பத்திரிகையில் வந்த பாடங்களோடு ஒப்பிட்டுப் பதிப்பித்து 2000த்தில் காலச்சுவடு வெளியிட்டபோது, அவர் இறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அதுவும் பத்திரிகைகள் காகிதத்தில் அச்சானதால் சாத்தியமாயிற்று. ஐம்பது வருஷம் ஓடுகிற ஹார்ட் டிஸ்க்கை யாரும் செய்து விற்கவில்லை.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் விசாரித்தேன். கடைக்காரப் பையன் நல்லவன். பெட்டியைப் பார்த்ததும் அவனுக்குப் பரிதாபமாகிவிட்டது. “சார், இதுல என்ன சார் இருக்கு? டேட்டா மட்டும் எடுத்துத் தரேன், புது மெஷின்ல புது ஓஎஸ் போட்டுக்குங்க, ஒரு மணி நேர வேலை” என்றான். அவனையும் என் சக தொகுப்பாளரையும் ஒரே வாதம் சேர்த்துவைத்ததைப் பார்த்து எனக்குச் சற்று வேடிக்கையாக இருந்தது. விஷயத்தை விளக்கினேன். அரை நிமிஷம் யோசித்துவிட்டு, “அப்போ டிஸ்க்கை அப்படியே குளோன் அடிக்கணும் சார். ஃபைல் ஃபைலா இல்லே, செக்டர் செக்டரா” என்றான். நம் விமர்சகர்களில் பலருக்கு விளங்காத வேறுபாடு அவனுக்கு விளங்கிவிட்டது.

செக்டர் என்பது டிஸ்க்கின் மிகச் சிறிய பெட்டி, 512 பைட் கொள்ளும். 80 ஜி.பி. டிஸ்க்கில் 15,63,01,488 பெட்டிகள். கோப்பு, கவிதை, பாட்டு, விண்டோஸ் என்ற எந்த வித்தியாசமும் பார்க்காமல் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை அதே வரிசையில் பெயர்த்து வைப்பதுதான் இந்த முறை. ஏடு பெயர்த்து எழுதியவர்களுக்கு இது கைவராது. அவர்கள் படித்துத்தான் எழுத வேண்டும். படிக்கிறபோதே புரியாத இடத்தில் புரிந்த சொல்லைப் போட்டுவிடுவார்கள். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று பழமொழியே இருக்கிறது. இந்தப் பிரதியாளனுக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது. ஆகவே கெடுக்கவும் தெரியாது. இதை அதன் பெருமையாகச் சொல்லவில்லை. புரிந்துகொண்டு பிரதி எடுத்தவர்களால்தான் உரைமரபு நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் நோயாளி கட்டிலில் கிடக்கும்போது முதலில் புரியாதவனைத்தான் கூப்பிட வேண்டும். வியாக்கியானம் பிறகு.

டிஸ்க்கைக் கழற்றி ஒரு அடாப்டர் வழியாக என் மடிக்கணினியில் மாட்டி, லினக்ஸில் டிடி-ரெஸ்க்யூ என்ற நிரலை ஓட்டினோம். இது சமயோசிதம் உள்ள நிரல். சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களை முதல் சுற்றில் படித்துவிடும். திணறுகிற இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப்போய், எதைத் தாண்டினோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். டிஸ்க்கின் மிச்ச ஆயுளை நல்ல இடங்களுக்குச் செலவிட்ட பிறகுதான் கெட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். வெள்ளி இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தது, சனி மத்தியானம் முடிந்தது. பதினைந்து கோடிப் பெட்டிகளில் இருபத்தொன்று மட்டும் எத்தனை முறை கேட்டும் வாய் திறக்கவில்லை. அந்த இடங்களில் பிரதியில் சூன்யங்கள் விழுந்தன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிரதியைப் புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றில் இறக்கி, பழைய பெட்டியில் மாட்டினோம். பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்தாயிற்று. மூலத்தையும் பிரதியையும் ஒரே நேரத்தில் மாட்டி ஓட விடக்கூடாது என்பது இதில் பாலபாடம். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் முதல் பெட்டியில் நான்கு பைட்டில் ஒரு கையொப்பம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் விண்டோஸ் இதுதான் என் சி டிரைவ் என்று அடையாளம் கண்டுகொள்கிறது. அச்சு அசலான பிரதியில் கையொப்பமும் அச்சு அசலாகவே இருக்கும். ஒரே கையொப்பத்தோடு இருவர் வந்து நின்றால் அதற்குக் குழப்பம்.

திரையில் விண்டோஸ் சின்னம் வந்தது, போனது, பிறகு முழு நீலம். நிறுத்தக் குறி 7பி. துவக்க வேண்டிய டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று பொருள். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. எக்ஸ்பி இருபது வருஷமாகப் பழகியிருந்தது ஐ.டி.இ. என்ற பட்டை ஒயர் வழியை. புதியது வந்து உட்கார்ந்திருப்பது சாட்டா என்ற வேறு வழியில். பாதி தூரம் வந்த பிறகு, தான் எந்தத் தரையில் நின்றுகொண்டிருக்கிறோமோ அந்தத் தரைக்குப் போகிற வழி அதற்குத் தெரியவில்லை.

வங்கிக் கவுன்ட்டரில் இருப்பவனுக்கு இது புதிதல்ல. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைக்கப்பட்டன. பிறகு கணக்குகளை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். பைசா குறையாமல் பணம் வந்து சேர்ந்தது. ஆனால் கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறி மாறியது, காசோலைப் புத்தகம் மாறியது. பழைய புத்தகத்தோடு வந்து நின்ற பெரியவர்கள், “என் பணம் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு” என்று கேட்டார்கள். இருக்கிறது, கூப்பிடுகிற பெயர்தான் மாறிவிட்டது என்று எப்படிச் சொன்னாலும் அவர்கள் முகத்தில் சமாதானம் வரவில்லை. அவர்கள் பக்கத்தில் நியாயம் இருந்ததாகவே எனக்கு இன்றும் படுகிறது.

“சேஃப் மோடுல போய்ப் பாக்கலாம் சார்” என்றான் பையன். அவன் கை எஃப்8 பொத்தானுக்குப் போவதற்குள் தடுத்தேன். சேஃப் மோடில் விண்டோஸ் திறந்தால் திரையின் அளவு சுருங்கிவிடும். சுருங்கிய திரையில் இடம் போதாமல் முகப்பில் கிடக்கிற கோப்புகளையெல்லாம் அதுவே இழுத்து வரிசையாக அடுக்கிவிடும். இடது, வலது, நடு எல்லாம் ஒரு விநாடியில் போய்விடும். எதைக் காப்பாற்ற வந்தோமோ அதுவே வைத்தியத்தில் செத்துப்போகும். இதே காரணத்துக்காகத்தான் நண்பரின் பழைய கனத்த மானிட்டரையும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்திருந்தோம்.

வேறு வழி பயாஸில் இருந்தது. அந்தத் தலைமுறைப் பலகைகளில் சாட்டா டிஸ்க்கைப் பழைய ஐ.டி.இ. விலாசத்தில் இருப்பதுபோலக் காட்டுகிற ஒரு ஏற்பாடு உண்டு. பையன் அதைத் தேடிப் பிடித்து மாற்றினான். புதிய டிஸ்க் பழைய டிஸ்க்கின் பெயரைச் சொல்லிக்கொண்டு பழைய வாசலில் வந்து நின்றது. எக்ஸ்பி திறந்தது. பச்சைப் புல்மேடு, நீல வானம், அதன்மேல் இடது பக்கம் நெருக்கமாக ஒரு கூட்டம், வலது பக்கம் அதைவிடப் பெரிய கூட்டம். நடுவில் தனியாக ஐந்து.

இடது பக்கத்தில் இருந்தவை எண்பத்து மூன்று. தொகுப்பு இருநூறு கவிதை கொண்டதாக இருக்கும் என்று பதிப்பாளரிடம் சொல்லியிருந்தோம்.

இனி அந்த இருபத்தொரு பெட்டிகள். கெட்ட பெட்டி எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்று தேடிச் சொல்கிற நிரல்கள் இருக்கின்றன. எட்டு, எதுவும் எழுதாத காலி இடத்தில். பன்னிரண்டு, ஒரு சினிமாப் பாட்டில். மீதி ஒன்று, இடது பக்கத்துக் கவிதை ஒன்றில், 2011இல் கடைசியாகத் திருத்தியதில். முதல் 512 பைட் பத்திரமாக இருக்கிறது. பதினான்காவது வரியின் நடுவில், ஒரு சொல்லின் பாதியில் அறுகிறது. பிறகு சரியாக 512 சூன்யம். அதற்கப்புறம் ஆறு வரி.

இதே கவிதையின் 2006ஆம் வருஷத்து வடிவம் வலது பக்கத்தில் கிடக்கிறது, முழுசாக. அறுந்த சொல்லும், மறுபடி தொடங்குகிற சொல்லும் அதிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது வரிகள். எடுத்து ஒட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார் நம் எதிர்வாதி. இந்த இடத்தில் எனக்கு மற்றவர்கள் எதிர்பார்க்காத ஓர் ஆதாரம் கிடைத்தது. நோட்பேடில் எழுதியது வெறும் எழுத்துக் கோப்பு. அந்த எழுத்துருவில் ஒரு குறிக்கு ஒரு பைட், ‘கொ’ என்றால் மூன்று, வரி முடிவுக்கு இரண்டு. 2006இன் ஒன்பது வரிகளையும் எண்ணிப் பார்த்தேன், 297. காணாமல் போனதோ 512. ஆகவே 2011இல் அந்த இடத்தில் அவர் ஏதோ சேர்த்திருக்கிறார், ஆறேழு வரிக்குக் குறையாமல். கவிதையின் மற்ற பகுதியில் வெட்டிக் குறைத்தவர் இங்கே மட்டும் கூட்டியிருக்கிறார். கவிதையை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். என்ன சேர்த்தார் என்பதை எந்த நிரலும் இனிச் சொல்லாது. ஆனால் பழைய ஒன்பது வரி அந்த இடத்துக்கு உரியது அல்ல என்பது நிச்சயம்.

புறநானூற்றை 1894இல் பதிப்பித்தபோது உ.வே.சா.வுக்கு 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. நடு நடுவே சிதைந்த பாட்டுகள் பல. அவர் நினைத்திருந்தால், அவருக்கு இருந்த புலமைக்கு, அந்த நடையிலேயே நாலு அடி எழுதி இட்டிருக்கலாம். புள்ளிகள் வைத்துவிட்டுப் போனார். இன்று வரை அந்தப் பள்ளங்களைத் தாண்டித்தான் படிக்கிறோம்.

எங்கள் சண்டை இப்போது கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் நண்பரின் வீட்டிலேயே திரும்பவும் இருக்கிறது, இணையம் இல்லாமல். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2014 ஏப்ரலிலேயே நின்றுபோனதால் அதை வெளியுலகத்தோடு இணைப்பது உசிதமில்லை. அவருடைய மனைவி சாயங்காலங்களில் அதில் பாட்டுக் கேட்கிறார்கள். ஒரு பாட்டு நடுவில் திக்கிவிட்டுப் போகிறதாம்.

தொகுப்பு எண்பத்து மூன்று கவிதைகளோடு, வலது பக்கத்திலிருந்து சிலவற்றைத் தனிப் பகுதியாகப் பின்னால் சேர்த்து வரலாம் என்பதில் மூவருக்கும் ஒருமாதிரி உடன்பாடு. நடுவில் கிடந்த ஐந்தையும் போடுவதில்லை. 2011ஆம் வருஷத்துக் கவிதை அச்சுப்படியில் பதினான்காவது வரியின் பாதியில் முறிந்து, புள்ளிகளாக ஓடி, பிறகு ஆறு வரி. 2006இன் வடிவம் அடுத்த பக்கத்தில் முழுசாக, வருஷத்தோடு. புள்ளிகளை எத்தனை வரிக்குப் போடுவது என்று கேள்வி எழுந்தது. 512ஐ அவருடைய சராசரி வரி நீளத்தால் வகுத்துப் பதினாலு வரிக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கம் முழுக்கப் புள்ளியாக இருந்தால் வாங்குகிறவன் அச்சுப் பிழை என்று நினைப்பான் என்கிறார் எதிர்வாதி. அச்சுப்படியில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.